மேசையைக் கீழிருந்து அளவெடுங்கள்

கொழும்பில் விளம்பரம், அனிமேஷன், ஒலிப்பதிவு, ஆடை வடிவமைப்பு என்று ஸ்டூடியோ நடத்துகிறவர்களுக்கும், அவர்களுக்குத் தளபாடம் செய்து கொடுக்கிற பாஸ்மாருக்கும் ஒரு திறந்த மடல்.

அன்புடையீர்,

சக்கர நாற்காலியில் வரும் ஒருவரை வேலைக்கு எடுத்தால் அவருக்கு எந்த மேசை கிடைக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கழிவறைக்குக் கிட்ட ஒரு மூலை. இருந்த மேசையின் நாலு காலுக்கும் கீழே செங்கல். மற்றவர்கள் எதிர்ச்சுவரில் ஸ்டோரிபோர்டை ஒட்டிவைத்து நின்று பேசும்போது அவர் மட்டும் அரை மணித்தியாலம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார். செங்கல் வைத்தவர் கெட்ட மனதோடு வைக்கவில்லை. மேசை என்றால் மேற்பலகை என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

சட்டம் பேசவேண்டிய அளவுக்குப் பேசிவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, 2006இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன, 2016இல் இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிசெய்தது. 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.7 சதவீதமானோருக்கு ஏதோ ஒரு செயற்பாட்டுச் சிரமம் பதிவாகியிருக்கிறது. சாய்தளமும் கழிவறையும் பற்றி வேறு யாராவது உங்களுக்கு எழுதட்டும். இந்த மடல் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர் எட்டு மணித்தியாலம் இருக்கப்போகும் மேசையைப் பற்றியது. எங்கள் வேண்டுகோள் இதுதான்: அந்த மேசை குழுவோடு நகரட்டும், உயரம் மாறட்டும், அதன் அளவு நிலத்திலிருந்து தொடங்கட்டும்.

முதலில் ஆளை அளவெடுங்கள். அவர் தன் நாற்காலியில், தன் சப்பாத்தோடு இருக்கும்போது நிலத்திலிருந்து தொடையின் மேற்பக்கம் வரை எவ்வளவு, கைப்பிடியின் மேல்விளிம்பு வரை எவ்வளவு, மின் சக்கர நாற்காலி என்றால் அதை ஓட்டும் ஜோய்ஸ்ரிக்கின் நுனி வரை எவ்வளவு, முழங்கை மடித்து வைக்கும் உயரம் எவ்வளவு. இந்த நாலு எண்ணும் இல்லாமல் வெல்டிங் பாஸுக்குப் போன் எடுக்காதீர்கள். ஆளே இன்னும் வரவில்லை, பொதுவாகத்தான் செய்விக்கிறோம் என்றால், அமெரிக்க அணுகல் அளவுகளைத் துணைக்கு எடுக்கலாம்: முழங்காலுக்கு நிலத்திலிருந்து குறைந்தது 685 மி.மீ. இடைவெளி, அகலம் 760, முன்விளிம்பிலிருந்து உள்நோக்கி ஏறக்குறைய 480. நாங்கள் அகலத்தை 900 ஆக்குகிறோம். ஏன் என்பது கீழே சில்லைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

இனி, கொழும்பில் திரும்பத் திரும்ப நடக்கிற பிழைக்கு வருவோம். நல்ல எண்ணத்தோடு ஒரு மோட்டர் மேசைக் கால் வாங்குகிறார்கள். விலை குறைவானது, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாயால் ஆன இரண்டு அடுக்குக் கால். அதன் ஆகக் குறைந்த உயரம் 710 மி.மீ. அளவில் இருக்கும். “மேசை நகரவேண்டும்” என்று சொன்னதும் பாஸ் அதன் அடியில் 100 மி.மீ. சில்லைப் பூட்டுகிறார். தட்டும் சுழலும் சேர்த்து அந்தச் சில்லின் மொத்த உயரம் 130. மேலே 18 மி.மீ. பலகை. கூட்டிப் பாருங்கள், 858. உயரம் மாறும் மேசைதான், ஆனால் எவ்வளவு இறக்கினாலும் 858இல் நின்றுவிடும். நாற்காலியில் இருப்பவர் தோளைக் காதுவரை தூக்கித்தான் மவுஸைப் பிடிக்கவேண்டும். இரண்டு கிழமையில் கழுத்து நோகும். பிறகு “அவருக்கு இந்த வேலை சரிவராது” என்று ஒரு கதை கிளம்பும்.

இதற்குத் தீர்வு இரண்டு மாற்றம், இரண்டையும் சேர்த்தே செய்யவேண்டும். காலை மூன்று அடுக்காக வாங்குங்கள். அது 610 மி.மீ. அளவுக்கு இறங்கும். சில்லைச் சட்டத்தின் அடியில் பூட்டாமல் பக்கவாட்டில், சட்டத்திலிருந்து வெளியே நீட்டிய தட்டில் தொங்கவிடுங்கள். அப்போது சட்டத்தின் அடிப்பக்கம் நிலத்திலிருந்து 40 மி.மீ. உயரத்தில் இருக்கும், சில்லின் 130 மேசை உயரத்தில் ஏறாது. இப்படிச் செய்தால் மேற்பலகை ஏறக்குறைய 670 வரை இறங்கும். பஸ்ஸிலும் நடந்தும் வருகிற மற்றவர்களும் அதே மேசையில் நின்று வேலை செய்யலாம். மேல் எல்லையை மட்டும் 1200இல் பூட்டிவிடுங்கள். அதற்கு மேலே போனால் சில்லில் நிற்கும் மேசை ஆடும்.

அடிச்சட்டம் இப்படி: இரண்டு பக்கமும் 700 மி.மீ. நீளத் தண்டுகள், பின்னால் மட்டும் ஒரு குறுக்குத் தண்டு. முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்கவேண்டும். 50க்கு 25 மி.மீ., 2 மி.மீ. தடிப்புப் பொக்ஸ் பார், அதாவது நீள்சதுர இரும்புக் குழாய், போதும். பழைய சோனகத் தெருவில் இரண்டுக்கு ஒன்று என்று அங்குலத்தில் கேட்டால்தான் உடனே எடுத்துத் தருவார்கள். ஒரு மேசைக்கு ஏறக்குறைய 7 மீற்றர் போகும், எடை 16 கிலோவுக்குக் கிட்ட. உயர்த்தும் கால் இரண்டையும் மேசையின் பின்விளிம்பிலிருந்து 200 மி.மீ. உள்ளே வையுங்கள். முன்சில்லு மேற்பலகையின் முன்விளிம்பைவிட 80 மி.மீ.க்கு மேல் பின்னால் போகக்கூடாது. ஒருவர் இரண்டு முழங்கையையும் ஊன்றி எழும்ப முயன்றால் முன்விளிம்பில் 40 கிலோ ஏறும். சில்லு பின்னால் இருந்தால் மேசை முன்னுக்குக் கவிழும்.

இரண்டு தண்டுக்கும் நடுவே 900 மி.மீ. என்று சொன்னோம். அதை அளக்கும்போது நாலு சில்லையும் உள்நோக்கித் திருப்பி வைத்து அளவெடுங்கள். வெளிநோக்கித் திருப்பி அளந்தால் எல்லா மேசையும் அகலமான மேசைதான். மேசையைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தும்போது சில்லு எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே திரும்பி நின்ற சில்லில் நாற்காலியின் கால்மிதி இடித்தால் அந்த மேசைக்குள் போகவே முடியாது.

சில்லின் பலம் பற்றி ஒரு கணக்கு. பலகை 10 கிலோ, இரும்பு 16, கால்கள் 23, கொம்பியூட்டர் 12, இரண்டு மொனிட்டரும் அவற்றைத் தாங்கும் கையும் 12, யூபிஎஸ் 12, சில்லறைச் சாமான் 8. ஆள் சாயும் 40ஐயும் சேர்த்தால் 133. இதை நாலால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். நிலம் எங்கேயும் சமமாக இல்லை. எந்த நேரத்திலும் மூன்று சில்லுதான் பாரம் தாங்கும், நாலாவது சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். சில்லு ஒன்றுக்கு 45 கிலோ வருகிறது, ஆகவே 60க்குக் குறையாத சில்லு வாங்குங்கள். கடையில் “எவ்வளவும் தாங்கும்” என்பார்கள். தட்டில் எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். விட்டம் 100 மி.மீ., மேலே பொலியூரதேன். 50 மி.மீ. சில்லு டைல்ஸ் இடுக்கில் தடுமாறும், கதவடியில் நின்றேவிடும். கறுப்பு ரப்பர் வெள்ளை டைல்ஸில் கோடு போடும், பிறகு சுத்தம் செய்கிற அம்மாவின் பேச்சை நீங்கள்தான் கேட்கவேண்டும்.

சில்லுப் பூட்டைப் பற்றி யோசிக்காமலே பலர் மேசை வடிவமைக்கிறார்கள். கடையில் விற்கும் பூட்டுச் சில்லு எல்லாம் கால் பெருவிரலால் மிதித்துப் பூட்டுவது. காலைப் பாவிக்காத ஒருவருக்கு நகரும் மேசை செய்துகொடுத்துவிட்டு, அதைப் பூட்ட அவர் ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிடவேண்டும் என்றால் அது என்ன சுதந்திரம்? வைத்தியசாலைக் கட்டில்களில் ஒரு மிதியை அழுத்தினால் எல்லாச் சில்லும் ஒன்றாகப் பூட்டும். சில்லின் தலைக்குள்ளே ஒரு அறுகோணத் தண்டு ஓடும், அதைத் திருப்புவதுதான் அந்த மிதியின் வேலை. அந்த வகைச் சில்லை எடுத்து, மிதிக்குப் பதிலாக அதே அறுகோணத் தண்டில் 12 மி.மீ. கம்பியால் ஒரு நெம்புகோல் பூட்டி, பிடியை 750 மி.மீ. உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிடி கையை மூடாமலே, உள்ளங்கையால் தள்ளக்கூடியதாக இருக்கட்டும். ஒரு தொங்கு தராசைக் கொழுவி இழுத்துப் பாருங்கள்: 2.2 கிலோவுக்குள் அது அசையவேண்டும். கூடினால் நெம்புகோலின் நீளத்தைக் கூட்டுங்கள். பிடியின் தலை மஞ்சளாக இருந்தால் பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று அறையின் மறுபக்கத்திலிருந்தே தெரியும்.

மேற்பலகை 1300க்கு 750. இந்த அளவைத் தீர்மானிப்பது வடிவமைப்பு அழகு இல்லை, லிஃப்ட். 630 கிலோ லிஃப்டின் உட்பக்கம் வழமையாக 1100க்கு 1400. 1400 மி.மீ. பலகை அதற்குள் போகும், கதவு மூடாது. ஆழம் 750 என்றால் 800 மி.மீ. கதவால் நீளவாக்கில் நுழையும். கொழும்பு 7இன் பழைய வீடுகளை ஸ்டூடியோவாக மாற்றியவர்கள் கதவு நிலையை முதலில் அளந்துவிட்டு வாருங்கள். உள்ளறைக் கதவுகள் சில 700கூட இல்லை.

எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். நம் ஊர் ஈரப்பதனுக்கு அதன் விளிம்பு ஒரு மழைக்காலத்திலேயே பிஸ்கட்போல ஊதும், சில்லு அதிர்வில் ஆணி பிடியை விடும். 18 மி.மீ. மரைன் ப்ளைவூட், நாலு விளிம்பும் அடைத்தது. மொரட்டுவைப் பக்கம் கொடுத்தால் முன்விளிம்பை 12 மி.மீ. ஆரத்தில் உருட்டித் தருவார்கள். கூரான விளிம்பு மணிக்கட்டு நரம்பை அழுத்தும். முன்பக்க நடுவில் 500 அகலம், 150 ஆழத்துக்கு ஒரு வளைவு வெட்டுங்கள். உடலைத் தாங்கும் பலம் குறைந்தவர் அந்த வளைவுக்குள் வந்தால் இரண்டு முழங்கையும் பலகையில் தங்கும், கை நடுங்காமல் கோடு இழுக்கலாம். வெட்டின மூலையைச் செங்கோணமாக விடாதீர்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

வரைவோருக்குச் சாய்வு வேண்டும் என்று பலகையையே மடியும் பலகையாகச் செய்யச் சொல்வார்கள். அந்தப் பொறி கீழே 80 மி.மீ. தொங்கும், முழங்கால் இடம் போய்விடும். மேலே ஒரு தனிச் சாய்பலகை வைத்து, அடியில் வழுக்காத ரப்பர் ஒட்டினால் போதும். திரையிலேயே வரையும் பேனா மொனிட்டரை வாயு ஸ்பிரிங் கையில் தொங்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கை மொனிட்டரின் எடைக்குச் சமன்செய்தது. மேலே கையூன்றி வரையும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் அது துள்ளும். பேனா மொனிட்டர் அதன் சொந்தக் காலில் பலகைமேல் நிற்கட்டும், பார்க்கும் மொனிட்டர் மட்டும் கையில் தொங்கட்டும். மொனிட்டரின் பின்னால் அந்தக் கையைப் பூட்டும் வெசா துளை 75 அல்லது 100 மி.மீ. சதுரம்தானா என்று வாங்குமுன் பாருங்கள். பார்வை குறைந்தவருக்கு அந்தக் கை முகத்துக்கு 300 மி.மீ. கிட்ட வரக்கூடியதாக நீளமாக இருக்கவேண்டும். கையைப் பலகையோடு பிடிக்கும் பற்றுக்கட்டை (கிளாம்ப்) வரும் இடத்தில் பலகையின் கீழும் மேலும் 3 மி.மீ. இரும்புத் தட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ப்ளைவூட் நசுங்கும்.

மோட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கடைக்காரர் பலகையின் நடுவில், சரியாக முழங்கால் வரும் இடத்தில் பூட்டித் தருவார். கழற்றிப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து அவசரமாக வாசிக்காதீர்கள். முள்ளந்தண்டுக் காயத்தால் கால் உணர்வு இழந்த ஒருவரின் தொடையின்மேல் மேசை இறங்கினால் அவருக்குத் தெரியாது. ஒருதரம் தட்டினால் தானாக இறங்கும் நினைவுப் பொத்தான் மற்றவர்களுக்கு வசதி, அவருக்கு ஆபத்து. மோதலை உணர்ந்து நிற்கும் வசதி இருக்கிறது என்று பெட்டியில் எழுதியிருக்கும். அது மரக் கதிரையின் முதுகில் மோதினால் நிற்கும். மெத்தென்ற தசையில் எவ்வளவு அழுத்திய பிறகு நிற்கும் என்று அந்தப் பெட்டியில் எழுதியிருக்காது. ஆகவே கட்டுப்பாட்டுப் பெட்டியின் கீழெல்லையை, அவர் தொடையின் உயரத்தோடு சட்டத் தடிப்பும் பலகைத் தடிப்பும் 30 மி.மீ. காற்றிடமும் சேர்த்து வரும் உயரத்தில் பூட்டுங்கள். எல்லை பூட்டும் வசதி இல்லாத பெட்டியை வாங்கவே வேண்டாம்.

மின் நாற்காலிக்கு இன்னொன்று. மேசை இறங்கும்போது அதன் விளிம்பு ஜோய்ஸ்ரிக்கில் பட்டால் நாற்காலியே ஓடத் தொடங்கும், மேசையையும் இழுத்துக்கொண்டு. உள்ளே போய் நின்றதும் நாற்காலியின் சுவிட்சை அணைப்பது வழக்கமாகவேண்டும். அதை நினைவூட்டும் ஒரு சிறு ஸ்டிக்கர் முன்விளிம்பின் உட்பக்கத்தில் இருக்கட்டும். ஏற்றி இறக்கும் பொத்தான்கள் 50 மி.மீ. அளவில், ஒன்றில் தொட்டால் தெரியும் மேடு. இடக்கையால் வேலை செய்பவருக்கு அதை இடப்பக்கம் மாற்ற நாலு திருகாணியே போதுமாக இருக்கவேண்டும்.

கரண்டுக்கு வருவோம். மேசைக்கு ஒரேயொரு கரண்ட் வயர்தான் வரவேண்டும். மூன்று கம்பி, 1.5 சதுர மி.மீ., நீளம் 3 மீற்றர், மேசைப் பக்கம் கழற்றக்கூடிய செருகி. யாராவது வயரில் தட்டினால் செருகி கழரும், மேசை சரியாது. கொம்பியூட்டர், மொனிட்டர், விளக்கு எல்லாம் சேர்த்து 700 வொட் என்றாலும் 230 வோல்ற்றில் 3 அம்பியர்தான். பாரம் பெரிதில்லை, மல்ட்டி ப்ளக்கில் மல்ட்டி ப்ளக் செருகுவதுதான் பிரச்சினை. பழைய வீடுகளில் வட்டத் துளை சொக்கற் இருந்தால் அடப்டர் போட்டுச் சமாளிக்காமல் 13 அம்பியர் சதுரத் துளைக்கு மாற்றுங்கள். தளர்ந்த அடப்டரில் முதலில் தொடர்பு விடுவது எர்த்தாகவும் இருக்கலாம். விட்டது யாருக்கும் தெரியாது, விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இன்னொரு விஷயம் எலக்ட்ரீஷியன்களே விட்டுவிடுகிறார்கள்: உயரும் காலுக்குள் கிரீஸ் இருக்கிறது, பிளாஸ்டிக் வழுக்கி இருக்கிறது. அடிச்சட்டத்துக்கும் மேற்சட்டத்துக்கும் இடையே மின்தொடர்பு அதனூடாக நிச்சயமில்லை. பச்சை மஞ்சள் வயர் ஒன்றை இரண்டுக்கும் இடையே தனியாக இழுத்துப் பூட்டுங்கள். சுற்றில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம்.

கொம்பியூட்டரை நிலத்தட்டில் வைத்தால், மேசை உயரும்போது மொனிட்டர் வயர்கள் இழுபட்டுக் கழரும். அதை மேற்சட்டத்தின் பின்பக்கம் தொங்கவிடுங்கள், மேலோடு சேர்ந்து மேலே போகட்டும். கீழே பாரத்துக்காக யூபிஎஸ் மட்டும் பின்குறுக்குத் தண்டில். அப்போது மேலும் கீழும் ஓடுவது கரண்ட் வயரும் நெட்வேர்க் வயரும் அந்தப் பச்சை மஞ்சள் வயரும்தான். ஏற்ற இறக்கம் 530 மி.மீ. என்றால் வளையத்துக்கு மேலதிகமாக 300 விடுங்கள்.

1000 வீஏ யூபிஎஸ் 250 வொட் பாரத்தை எட்டு, பத்து நிமிடம்தான் தாங்கும். கோப்பைச் சேமிக்கவும் மேசையை ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவருக்கு அணைக்காமலே தள்ளவும் அது போதும். அறையின் நடுவே நாள் முழுக்க வேலை செய்ய அது உதவாது. அதற்கு லெப்டொப்பும் ஒரு கிலோவொட் மணி லித்தியம் பெட்டியும்: 150 வொட்டுக்கு ஐந்தரை மணித்தியாலம். மேசை மோட்டரை யூபிஎஸ் பக்கம் கொடுங்கள், ஆனால் யூபிஎஸ் ஓடும்போது உயர்த்த முயலவேண்டாம். சிறிய யூபிஎஸ் அந்தத் தொடக்க இழுவையில் எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும். கரண்ட் போனால் அவசரத்துக்கு இறக்க மட்டும், கொம்பியூட்டரை அணைத்த பிறகு. 2022இல் நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்டை வெட்டினார்கள், 2025 பெப்ரவரியில் பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு போய்த் தொட்டதற்கு நாடே இருண்டது என்றார்கள். 1200இல் நின்றுபோன மேசைக்கு நாற்காலியில் இருப்பவர் என்ன செய்வார் என்று ஒருதரம் யோசியுங்கள். மாலையில் வீட்டுக்குப் போகுமுன் எல்லா மேசையையும் 740க்கு இறக்கிவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நகரும் மேசை பார்வையற்ற சக ஊழியருக்குத் தடையாகிவிடக்கூடாது. ஒலித்தொகுப்பில், திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பானோடு வேகமாக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். ரீப்பர் மென்பொருளுக்கு ஒசாரா என்ற இலவச இணைப்பே இதற்காக உண்டு. அவர் மனதில் அறையின் வரைபடம் இருக்கும். நேற்று இருந்த மேசை இன்று வழியில் நின்றால் அவர் இடுப்பில்தான் இடிக்கும். ஆகவே நிறுத்துமிடங்கள் குறிக்கப்பட்டிருக்கவேண்டும்: சுவரோரமாகவும் தூணோரமாகவும், காலுக்குத் தட்டுப்படும் பட்டையோடு, ஒவ்வொன்றுக்கும் 600 மி.மீ. உயரத்தில் ஒரு சொக்கற்றும் ஒரு நெட்வேர்க் துளையும். நிலத்தில் பதிக்கும் சொக்கற் வேண்டாம், தரை கழுவும் ஊர் நம்முடையது. இடைவழி 900, திரும்பும் இடத்தில் 1500க்கு 1500. மேசையை வேறு இடத்துக்கு மாற்றினால் வாயால் சொல்லுங்கள், குழு வட்ஸ்அப்பில் படம் போடுவது அவருக்கு அறிவித்ததாகாது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் துத்தநாக முலாம் பூசிய பொக்ஸ் பாரை எடுங்கள். வெல்ட் செய்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோகும். அங்கே தேய்த்துத் துத்தநாகப் பெயின்ற் அடிக்கவேண்டும். பாரின் திறந்த வாயை எல்லாம் மூடுங்கள், உப்புக் காற்று உள்ளேயிருந்துதான் தின்னும். விலை எதையும் நாங்கள் எழுதவில்லை. எழுதினால் மடல் வெளிவருமுன் அது பழசாகிவிடும்.

கடைசியாக, பாஸ்மாருக்கும் முதலாளிமாருக்கும் சேர்த்து. துளை, வெட்டு, வெல்ட் எல்லாம் முடிந்து, பெயின்ற் அடிக்கமுன் மேசையை ஒருதரம் முழுதாகப் பூட்டுங்கள். பாவிக்கப்போகிறவரை அன்றைக்கு வரச்சொல்லுங்கள். உள்ளே போகட்டும், பூட்டைத் தள்ளட்டும், ஏற்றி இறக்கட்டும், ஒரு மணித்தியாலம் வரையட்டும். அவர் சொல்லும் திருத்தம் அனேகமாக 20, 30 மி.மீ. அளவில்தான் இருக்கும், அந்த நேரத்தில் அது அரைநாள் வேலை, பவுடர் கோட்டிங் முடிந்த பிறகு என்றால் மேசையையே சுரண்டவேண்டிவரும். அவருடைய அன்றைய சம்பளமும் வாகனச் செலவும் மேசையின் மதிப்பீட்டிலேயே ஒரு வரியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கொழும்பில் வேலைமேசைகளுக்கு வரைபடம் போட்டு, வெல்ட் செய்து, வயர் இழுக்கும் சிலர்